திரையில் வரும் பெயர்

பாலியல் தொழிலாளர்கள் தங்கள் கட்டணத்தைக் கைபேசி வழியே வாங்கத் தொடங்கிவிட்டால் பாதித் துன்பம் தீர்ந்துவிடும் என்றொரு பேச்சு கொஞ்ச நாளாக வலுத்துவருகிறது. அண்மையில் ஒரு கருத்தரங்கில் பொருளியல் பேராசிரியர் ஒருவர் இதையே முக்கால் மணி நேரம் பேசினார். ரொக்கம் என்றால் தரகன் கைக்குப் போகும், ரவுடி பிடுங்குவான், காவலர் மாமூல் கேட்பார். யுபிஐ என்றால் பணம் நேராக அவளுடைய கணக்குக்குப் போகும். கணக்கில் வரவு தெரிந்தால் வங்கி கடன் தரும். கடன் கிடைத்தால் வேறு பிழைப்புத் தேடிக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அரங்கு கைதட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் பதினைந்து வருடம் களப்பணி செய்தவர், கைதட்டவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது, "அவங்க பேரு திரையில வந்துருமே சார், அதை யாருமே சொல்லலையே" என்றார்.

ரொக்கத்தின் குறைகளை நான் மறைக்கப்போவதில்லை. வாங்கிய பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நள்ளிரவில் தனியாக வீடு திரும்ப வேண்டும். கள்ளநோட்டு வந்தால் நட்டம் அவளுக்கே. கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில் 'ஆதியா' என்றொரு முறை உண்டு. வருமானத்தில் பாதி, வீட்டை நடத்தும் பெண்மணிக்கு. பணம் தாளாக அவர் கையில் சேரும்போது பாதி எவ்வளவு என்பதையும் அவரே தீர்மானித்துவிடலாம். 2016 நவம்பர் 8 இரவில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு ஒரே இரவில் போயிற்று. தகரப்பெட்டியிலும் அரிசிப்பானையிலும் சேமித்து வைத்திருந்தவர்கள்தான் அதில் அதிகம் அடிபட்டார்கள். ஓட்டல் அறைக்குச் செல்லும் எஸ்கார்ட் பெண்கள் கைபேசியில் முன்பணம் வாங்கிக்கொண்டால், கூப்பிட்டுவிட்டு வராமல் அலைக்கழிக்கிறவர்கள் குறைவார்கள் என்பதும் உண்மை. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

'நேராக அவளுடைய கணக்குக்கு' என்பதை மட்டும் அப்படியே ஏற்க முடியவில்லை. சிம் யார் பெயரில் இருக்கிறது, கைபேசி யார் கையில் இருக்கிறது, ரகசிய எண் யாருக்கெல்லாம் தெரியும் என்று விசாரித்துப் பார்த்தால் போதும். ரொக்கத்தைப் பிடுங்கத் தெரிந்த தரகனுக்குத் தன் பெயரில் ஒரு கியூஆர் அட்டை வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியாதா? ஆனாலும் இது சரிசெய்யக்கூடிய குறை. என் தீராத மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தக் களப்பணியாளர் அம்மா வழியாகத்தான் மேற்கு மாவட்டத்து ஊர் ஒன்றில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். நாற்பதை நெருங்கும் வயது. பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இந்தத் தொழில். கஸ்டமர்களுக்குச் சொல்லும் பெயர் வேறு, ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் வேறு. இந்தத் தொழிலில் அனேகமாக எல்லாப் பெண்களும் அப்படித்தான்; அந்த இன்னொரு பெயர்தான் வீட்டுக்கும் தொழிலுக்கும் நடுவில் நிற்கும் சுவர். அவருடைய கைபேசி உறையின் முதுகில் சதுரமாகப் பசைக்கறை படிந்திருந்தது. அங்கே கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாராம், பிய்த்துப் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "ஒரு பார்ட்டி ஸ்கேன் பண்ணினான் சார். பண்ணிட்டு என் மூஞ்சியப் பாத்தான். திரும்ப போனப் பாத்தான். அப்புறம் என் சொந்தப் பேரச் சொல்லி, இதுதான் உன் பேரான்னு கேட்டான்."

பாஸ்புத்தகத்தில் இருக்கிறபடியே, இனிஷியலோடு வந்திருக்கிறது பெயர். இனிஷியல் இறந்துபோன கணவருடையது. ஊரும் பெயரும் இனிஷியலும் கிடைத்தபிறகு ஃபேஸ்புக்கில் தேட எவ்வளவு நேரமாகும்? பள்ளி ஆண்டு விழாவில் மகளோடு எடுத்த படத்தைக் கண்டுபிடித்துவிட்டான். மகளின் சட்டைப் பையில் பள்ளியின் பெயர் இருந்தது. அடுத்த வாரம் அவர் கணக்குக்கு ஒரு ரூபாய் வந்தது, 'ஹாய்' என்ற குறிப்போடு. இரண்டு நாள் கழித்து இன்னொரு ரூபாய். இந்த முறை குறிப்பில் இருந்தது பள்ளியின் பெயர். தடுத்துவைத்தால் வேறு எண்ணிலிருந்து அனுப்பினான். தொழிலுக்கென்று வைத்திருந்த எண்ணை மாற்றிவிட்டார். வங்கியில் இருக்கும் பெயரை எப்படி மாற்றுவது? அவனிடம் ஐந்நூறு ரூபாய்த் தாளாக வாங்கியிருந்தால், கதவைச் சாத்திவிட்டு வெளியேறிய அந்த நிமிடத்தோடு அவன் அவர் வாழ்க்கையிலிருந்தும் போயிருப்பான்.

இது அவருடைய அஜாக்கிரதையால் வந்ததல்ல. ஏற்பாடே அப்படித்தான். முன்பெல்லாம் சில செயலிகளில் நாமே தட்டிவைத்த பெயரோ, அனுப்புகிறவர் தன் கைபேசியில் பதிந்துவைத்த பெயரோ தெரிந்துகொண்டிருந்தது. 2025 ஜூன் 30-க்குள் வங்கிப் பதிவேட்டில் உள்ள பெயரை மட்டுமே காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் எல்லாச் செயலிகளுக்கும் உத்தரவிட்டது. மோசடிக்காரர்கள் பொய்ப்பெயரில் பணம் பறிப்பதைத் தடுக்க வந்த விதி. மளிகைக் கடைக்கும் வீட்டு வாடகைக்கும் அது நல்ல விதிதான். தன் உண்மைப் பெயரை மறைப்பதொன்றே பாதுகாப்பாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு, மிச்சமிருந்த மறைப்பையும் அது எடுத்துவிட்டது.

இந்தப் பெண்களின் பெயரை வெளியில் விடக் கூடாது என்பதை இந்நாட்டின் உச்ச நீதிமன்றம் உணர்ந்திருக்கிறது. புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் 2022 மே 19 அன்று வந்த உத்தரவு, பாலியல் தொழிலாளர்களைக் காவல்துறை சொல்லாலோ செயலாலோ துன்புறுத்தக் கூடாது என்றது. அவர்களுக்கு ஆதார் கொடுக்க வேண்டும், ஆனால் அவர்களைப் பாலியல் தொழிலாளி என்று அடையாளம் காட்டும் எந்தக் குறியீடும் ஆதார் பதிவு எண்ணில் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்த ஆதாரைக் காட்டித்தான் ஒரு பெண் வங்கிக் கணக்குத் தொடங்குகிறார். கணக்கோடு கைபேசியை இணைக்கிறார். நீதிமன்றம் அவ்வளவு பாடுபட்டுக் காத்த ரகசியத்தை, பணம் அனுப்பும் முதல் கஸ்டமரின் திரை போட்டு உடைத்துவிடுகிறது.

பெயர் வெளியே வருவது முதல் அடி. பதிவு அழியாமல் நிற்பது அடுத்தது. நம் நாட்டில் பாலுறவுக்குப் பணம் வாங்குவது தன்னளவில் குற்றமல்ல. அதைச் சுற்றியுள்ள அனேகமாக எல்லாமே குற்றம். 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தில் நான்காவது பிரிவு ஒன்று இருக்கிறது. ஒருவருடைய பாலியல் தொழில் வருமானத்தில் தெரிந்தே வாழும் இன்னொருவர், பதினெட்டு வயது தாண்டியவராக இருந்தால், அவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை. தரகனைப் பிடிக்க எழுதிய பிரிவு என்பார்கள். அதன் சொற்கள் தரகனோடு நிற்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மகனும் சர்க்கரை மாத்திரை வாங்கும் தாயும் அந்தச் சொற்களுக்குள் வந்துவிடுகிறார்கள். ரொக்கத்தில் வீடு நடத்தும்போது எந்த நோட்டு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கைபேசியில் நடத்தினால், இரவு 11.40-க்கு யாரிடமிருந்தோ வந்த தொகையும் காலை 9.15-க்கு மகனின் விடுதிக் கட்டணமாகப் போன தொகையும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த வரியில் நிற்கும். வழக்குப் போட நினைக்கும் ஒரு அதிகாரிக்கு இதைவிட வசதியான சாட்சி ஏது?

அந்த அளவுக்குப் போகாமலேயே கணக்கு முடங்கிவிடலாம். இணைய மோசடியில் பணம் இழந்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், அந்தப் பணம் கைமாறிப்போன கணக்குகளெல்லாம் முடக்கப்படக்கூடும். 2023-இல் கேரளத்தில் பலருக்கு இப்படி நடந்தது. வெளிமாநிலத்தில் எங்கோ பதிவான புகார். மோசடிக்காரன் செலவழித்த சில நூறு ரூபாய் வந்து சேர்ந்ததற்காகச் சிறு வியாபாரிகளின் கணக்குகள் நின்றுபோயின. ஓட்டல்காரர் பில்லைக் காட்டி, நான் சாப்பாடு போட்டேன் என்று சொல்லலாம். இந்தப் பெண் எதைக் காட்டுவார்? முன்பின் தெரியாத ஊரின் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்தப் பணம் எதற்காக வந்தது என்று எந்த வாயால் சொல்வார்? கட்டணத்தைக் கொடுத்த கஸ்டமரே மறுநாள் மனம் மாறி, என்னை ஏமாற்றிப் பணம் பறித்துவிட்டாள் என்று புகார் கொடுத்தாலும் இதே கதிதான். ஒழுக்கத்துக்கு மாறான நோக்கத்துக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. வேலை செய்தேன், கூலி வாங்கினேன் என்று அவரால் எந்த மன்றத்திலும் வாதாட முடியாது. கைக்கு வந்த தாளை மட்டும் யாராலும் திருப்பி இழுக்க முடியாது.

பதிவு இருந்தால் அடித்துத் துன்புறுத்தியவனின் பெயரும் அதில் இருக்குமே, அது பாதுகாப்பில்லையா என்று பேராசிரியர் கேட்டார். இருக்கும். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் காவல் நிலையப் படியேற வேண்டும். நம் காவல் நிலையங்களை அறிந்த யாரும் இதைப் பாதுகாப்பு என்று சொல்லத் துணியமாட்டார்கள். அவனுடைய பெயர் பயன்பட வேண்டுமென்றால் முதலில் தன்னைப் பற்றி அவரே சொல்லியாக வேண்டும். அவருடைய பெயரைப் பயன்படுத்த அவனுக்கு ஒரு ரூபாய் போதும். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துச் சமம் என்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

மின்பணத்தை முழுக்க நம்பியவர்களுக்கு வெளிநாடுகளில் என்ன ஆனது என்பதும் நம் முன்னே இருக்கிறது. அமெரிக்காவில் பேக்பேஜ் என்ற விளம்பரத் தளத்தை எஸ்கார்ட் தொழிலில் இருந்தவர்கள் பெருமளவில் நம்பியிருந்தார்கள். 2015-இல் சிகாகோ பகுதியின் ஷெரிஃப் ஒருவர் கடிதம் எழுத, விசாவும் மாஸ்டர்கார்டும் அந்தத் தளத்துக்கான பணப்போக்குவரத்தை நிறுத்தின. தீர்ப்பு எதுவும் இல்லை, கடிதம்தான். ஷெரிஃப் செய்தது தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறகு சொன்னது. அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. 2021 ஆகஸ்டில் ஒன்லிஃபேன்ஸ் நிறுவனம் வெளிப்படையான பாலியல் உள்ளடக்கத்தைத் தடைசெய்யப்போவதாக அறிவித்து, வங்கிகளின் நெருக்குதலைக் காரணமாகச் சொன்னது. ஆறே நாளில் முடிவை மாற்றிக்கொண்டது. அந்த ஆறு நாளும் எத்தனையோ பேரின் பிழைப்பு, அவர்கள் முகம்கூடப் பார்த்திராத வங்கி அதிகாரிகளின் கையில் இருந்தது.

நியூசிலாந்தை எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. 2003-இல் அங்கே வந்த சட்டம் இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. பாலியல் சேவைக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்தக் காரணத்தாலேயே செல்லாததாகிவிடாது என்றும் எழுதியது. கூலி தராதவன்மீது அங்கே வழக்குத் தொடரலாம். அப்படிப்பட்ட நாட்டில் அட்டையில் வாங்கினாலென்ன, தாளில் வாங்கினாலென்ன? முதலில் வர வேண்டியது சட்டம், அட்டை பிறகுதான். நம்மவர்கள் வரிசையைத் தலைகீழாக்கி, கைபேசியைக் கையில் கொடுத்துவிட்டுச் சட்டம் தானாகத் திருந்தும் என்று காத்திருக்கச் சொல்கிறார்கள்.

நம் நாட்டிலேயே இதைச் சரியாக யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1995-இல் சோனாகாச்சிப் பெண்கள் உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினருக்கு நன்னடத்தை வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் என்று பதிந்துகொள்ளுங்கள், முடித்துவிடலாம் என்று யோசனை சொல்லப்பட்டது. அவர்கள் மறுத்துவிட்டு, பாலியல் தொழிலாளர் என்ற பெயரிலேயே பதிவு பெற்றார்கள். கந்துவட்டிக்காரர்களிடமிருந்து ஆயிரக்கணக்கானவர்களை மீட்டது அந்தச் சங்கம்தான். அவர்கள் வாங்கியது ரொக்கம். சேமித்தது தங்கள் சங்கத்தில். கஸ்டமர் கொடுத்த தாளுக்கும் அவர்களுடைய கணக்குக்கும் நடுவில் எந்த நூலும் இல்லை. பேராசிரியர் சொன்ன சேமிப்பும் கடனும் அவர்களுக்கு யுபிஐ பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டன.

ஆகவே, இப்போதுள்ள சட்டத்தில், இப்போதுள்ள செயலிகளில், இந்தத் தொழிலில் இருக்கும் பெண்ணுக்கு ரொக்கமே தகும். நான்காவது பிரிவு போகட்டும், கூலி கேட்கும் உரிமை வரட்டும், பெயர் காட்டாமல் பணம் வாங்க வழி பிறக்கட்டும். அன்றைக்கு நானே மாற்றி எழுதுகிறேன்.

அதுவரை, இவர்களுக்குக் கைபேசிக் கணக்குத் தொடங்கித் தரும் தொண்டு நிறுவன நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கியூஆர் அட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் கைபேசியிலிருந்து அதற்கு ஒரு ரூபாய் அனுப்புங்கள். திரையில் வரும் பெயரை அவரிடமே காட்டுங்கள். பார்த்தபிறகும் வேண்டும் என்று அவர் சொன்னால் கொடுங்கள்.