18 அடிக் குழாயின் இரண்டு குரல்கள்

வெள்ளவத்தைக் கோயில் வீதியில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது, திமிரியையும் பாரியையும் சட்டென்று பிரித்தறியும். குட்டைக் குழலுக்கு ஒரு குரல், நெட்டைக் குழலுக்கு ஒரு குரல். பாண்ட் வாத்தியத்தின் அடிக்குரலான டியூபாவில் சங்கதி வேறு. பி-பிளாட் டியூபாவின் குழாயை நிமிர்த்தினால், எந்த நாட்டில் செய்ததானாலும் சுமார் 18 அடி. குழாய் எவ்வளவு விரைவாக அகல்கிறது, வால்வு எப்படி இயங்குகிறது, வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பவற்றிலேயே குரல் மாறிவிடுகிறது.

முதல் டியூபாவுக்கு 1835இல் பெர்லினில் வீப்ரெக்டும் மோரிட்ஸும் காப்புரிமை பெற்றார்கள். ஜெர்மானியர் பின்னர் சுழல் வால்வில் நிலைத்தார்கள். கால் சுற்றில் காற்றின் வழி மாறும், சுரங்கள் ஒன்றிலொன்று வழுக்கும். ஆங்கிலேயர் பிஸ்டனை விடவில்லை. வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது அடிச்சுரங்கள் சுருதி ஏறிவிடும். 1874இல் டேவிட் பிளெய்க்லி இதற்கு வழி கண்டார். கடைசி வால்வை அழுத்தியதும் காற்று மற்ற வால்வுகளுக்குள் மீண்டும் நுழைந்து சிறு துணைக்குழாய்களையும் சுற்றிவரும். குறைந்த நீளம் தானாக நிரம்பும். டியூபா வரலாற்றில் இதைவிட அழகான யோசனை கிடையாது.

அமெரிக்கருக்கு வேண்டியிருந்தது அகலம். சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை வாசித்த ஆர்னல்ட் ஜேக்கப்ஸின் யோர்க் டியூபாவை, கருவி செய்வோர் இன்றும் அளவெடுத்துப் பின்பற்றுகிறார்கள். மண்டபத்தை நிறைக்கும் கொழுத்த நாதம் அது.

தோளில் மாட்டும் டியூபாவான சூசபோனும் அங்கே பிறந்ததுதான். பாண்ட் மேதை ஜோன் பிலிப் சூசாவின் விருப்பப்படி 1893இல் ஜே. டபிள்யூ. பெப்பர் செய்தார். பாரம் தோளில் இறங்கும், கை நோகாது. ஒலி குழுவின் தலைக்கு மேலே பரவவேண்டும் என்று முதலில் வாய் வானத்தைப் பார்த்தது. பிற்பாடுதான் முன்னே திரும்பியது. பெரும்பாலானவற்றுக்கு மூன்றே வால்வுகள், பிளெய்க்லியின் துணைக்குழாய்களும் இல்லை.

கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருவில், யூன் 13 அந்தோனியார் பவனிக்கு, முன்னோக்கிய சூசபோன் வாய்க்கு ஈடில்லை. ஆனால் புனித லூசியா பேராலயத்துக்குள் மெதுவான ஒரு கீதத்துக்குத் துணைபோக வேண்டுமென்றால், பிளெய்க்லியின் துணைக்குழாய்கள் கொண்ட, அடிச்சுரம் பிசகாத பிரித்தானிய ஈ-பிளாட் டியூபாவே வேண்டும். அதன் பிஸ்டனை வாசிப்பவரே கழற்றித் துடைத்து எண்ணெயிடலாம். சுழல் வால்வைப் பிரிக்கப் பழகிய கை வேண்டும். உப்புக் காற்று வீசும் கொழும்பில் இது சின்ன விஷயமல்ல. ஒரு கருவி வாங்கவே பணமுள்ள பாடசாலை, நான்கு வால்வு கொண்ட அந்த ஈ-பிளாட்டையே வாங்கட்டும்.