ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொண்ட வாசிப்பாய்வு: டேவிட் ஷேரின் கருத்துகளும் தமிழ் எழுத்துமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகள் வாசிக்கக் கற்கும் முறையை நாற்பது ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் உளவியலாளர் டேவிட் ஷேர், 'தன்கற்பித்தல்' என்னும் கருதுகோளுக்காகவும், வாசிப்பாய்வில் ஆங்கிலம் செலுத்தும் மேலாதிக்கத்தை எதிர்த்தமைக்காகவும் அறியப்படுபவர். அவர்தம் ஆய்வின் இவ்விரு பகுதிகளையும் தமிழ் எழுத்துமுறையை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அவருடைய வகைப்பாட்டைக் காட்டிலும் அவர் நடத்திய சோதனைகளே தமிழுக்குப் பெரிதும் பயன்படுவன என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: வாசிப்பு உளவியல், தன்கற்பித்தல், எழுத்துமுறை, உயிர்மெய், இரட்டை வழக்கு, மயங்கொலி

முன்னுரை

தமிழ்க் குழந்தை எவ்வாறு வாசிக்கக் கற்கிறது என்ற வினாவிற்கு நம்மிடம் உள்ள விடைகளிற் பல ஆங்கிலக் குழந்தையைப் பற்றியவை. ஆசிரியர் பயிற்சி நூல்களில் காணப்படும் வாசிப்புப் படிநிலைகள், கற்றல் குறைபாட்டை அறியும் சோதனைகள், வேக அளவுகள் ஆகியவற்றிற் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசும் நாடுகளில் உருவாகி இங்கு வந்தவை. இந்நிலையை அத்துறைக்குள்ளிருந்தே கேள்விக்குள்ளாக்கியவர்களுள் முதன்மையானவர் இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஷேர். அவருடைய எதிர்ப்புக் குரல் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அக்குரல் தமிழுக்கு எந்த அளவு பொருந்துகிறது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை.

தன்கற்பித்தல் கருதுகோள்

ஷேரின் தொடக்ககால ஆய்வு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. 1984இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, பள்ளியிற் சேர்ந்த 543 குழந்தைகளை 39 கூறுகளில் அளந்து, எது பிற்கால வாசிப்புத் திறனை முன்னுணர்த்துகிறது என்று தேடியது. சொல்லை ஒலியன்களாகப் பிரிக்கும் திறனும் எழுத்துப் பெயரறிவும் முன்னிலை பெற்றன. அதற்கு ஓராண்டு முன்னரே, 1983இல், அந்தோணி ஜோர்முடன் இணைந்து எழுதிய கட்டுரையில் தன்கற்பித்தல் என்னும் கருத்து முளைவிட்டிருந்தது. 1995இல் அது முழுமை பெற்றது.

கருத்து எளியது. ஒரு குழந்தை எதிர்கொள்ளும் சொற்கள் அனைத்தையும் ஆசிரியர் கற்பித்துவிட இயலாது. புதிய சொல்லைக் காணும்போது குழந்தை அதன் எழுத்துகளை ஒலியாக மாற்றிப் படித்துப் பார்க்கிறது. கிடைத்த ஒலி தான் முன்பே அறிந்த ஒரு பேச்சுச் சொல்லோடு பொருந்தும்போது அச்சொல்லின் எழுத்துவடிவம் நினைவில் பதிகிறது. இவ்வாறு ஒவ்வொரு வெற்றிகரமான வாசிப்பும் ஒரு சிறு பாடமாகிறது. குழந்தை 'ஒலித்துப் படிக்கும் படி'யிலிருந்து 'பார்த்துப் படிக்கும் படி'க்கு ஒரேயடியாக ஏறுவதில்லை என்பதும் இதன் உட்கருத்து. ஒரே நாளில், ஒரே பக்கத்தில், பழகிய சொல்லைப் பார்த்த அளவில் படிக்கும் குழந்தை பழகாத சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. வகுப்பறையை அறிந்தோர் இதை மறுக்கமாட்டார்கள். எனினும் படிநிலைக் கொள்கைகள் நெடுங்காலம் இதைப் பொருட்படுத்தவில்லை.

1999இல் ஷேர் இக்கருதுகோளை எபிரேய மொழியில் நேரடியாகச் சோதித்தார். இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் சிறு பத்திகளை உரக்கப் படித்தனர். அவற்றில் புனைந்த பெயர்கள் இடம்பெற்றிருந்தன. மூன்று நாள்களுக்குப் பின், அதே ஒலிப்புடைய வேறு எழுத்துக்கூட்டலிலிருந்து தாம் கண்ட வடிவத்தை அவர்களால் பிரித்தறிய முடிந்தது. ஒரே ஒலிக்கு இரு எழுத்துகள் எபிரேயத்தில் இருப்பதாலேயே இச்சோதனை இயன்றது என்பதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதனினும் சுவையானது 2004இல் வெளிவந்த தொடர்ச்சி. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒருமுறை காண்பதே போதுமானதாயிற்று. முதல் வகுப்புக் குழந்தைகளோ, பலமுறை படித்தும், எழுத்துவடிவத்தை நினைவிற் கொண்டதற்குச் சான்று தரவில்லை. உயிர்க்குறிகள் இட்ட எபிரேய எழுத்தை அவர்கள் பிழையின்றி ஒலித்துப் படிப்பவர்கள். பிழையின்றி ஒலிக்க முடிந்தமையாலேயே எழுத்துவடிவத்தை ஊன்றி நோக்கும் தேவை அவர்களுக்கு எழவில்லை என்று ஷேர் விளக்கினார். தம் கருதுகோளுக்கு வாய்ப்பாக அமையாத முடிவை மறையாது வெளியிட்டு, அதிலிருந்தே அடுத்த வினாவை எழுப்பிய நேர்மை அவருடைய ஆய்வு வாழ்வின் சிறப்பியல்பு.

ஆங்கிலம் என்னும் விதிவிலக்கு

2008இல் வெளியான கட்டுரை அவரைத் துறைக்கு அப்பாலும் அறியச் செய்தது. வாசிப்பாய்வின் மையச் சிக்கல்கள் எனக் கருதப்பட்டவை ஆங்கில எழுத்துக்கூட்டலின் ஒழுங்கின்மையால் விளைந்தவை; அவ்வொழுங்கின்மை உலக எழுத்துமுறைகளுள் ஒரு விதிவிலக்கு; விதிவிலக்கின்மேல் பொதுவிதி கட்டப்பட்டுள்ளது என்று அதில் அவர் வாதிட்டார். அதற்குத் துணையாக 2003இல் சீமோரும் பிறரும் வெளியிட்ட பதின்மூன்று ஐரோப்பிய மொழிகளின் ஒப்பீடு அமைந்திருந்தது. முதல் வகுப்பின் இறுதியில் பின்னிய, கிரேக்க, ஜெர்மன் குழந்தைகள் எளிய சொற்களில் 95 விழுக்காட்டிற்கு மேல் சரியாகப் படித்தபோது, ஸ்காட்லாந்துக் குழந்தைகள் படித்தவை 34 விழுக்காடு. ஸ்காட்லாந்துக் குழந்தைகள் ஐந்து வயதிலேயே பள்ளி செல்பவர்கள் என்பதை விட்டுவிட்டு இவ்வெண்ணை மட்டும் எடுத்தாள்வது முறையாகாது. ஆயினும் வயதைக் கணக்கிற் கொண்ட பின்னும் இடைவெளி பெரிதே.

2014இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் ஷேர், நெடுங்கணக்கு முறைகளுள் ஐரோப்பிய அகரவரிசையே உயர்ந்தது என்னும் மனப்பாங்கைச் சாடினார். எழுத்தியல் அறிஞர் பீட்டர் டேனியல்சுடன் இணைந்து 2018இல் வெளியிட்ட கட்டுரை, எழுத்துமுறைகளை 'எளியது – கடியது' என்ற ஒரே கோட்டில் வைப்பதை விடுத்துப் பத்துக் கூறுகளால் ஒப்பிட வேண்டும் என்றது. பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு, நேர்வரிசை பிறழ்தல், வடிவச் சிக்கல், எழுத்துகளின் எண்ணிக்கை, கூட்டெழுத்து, புணர்ச்சியிலும் எழுத்துக்கூட்டல் மாறாமை ஆகியன அவற்றுட் சில.

தமிழை முன்வைத்து ஒரு மதிப்பீடு

பத்துக் கூறுகளின் பட்டியல் ஒற்றைக் கோட்டினும் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது எழுத்துமுறையை முழுமையாகக் கொண்டு ஒவ்வொரு கூற்றிற்கும் ஒரு மதிப்பு இட முயல்கிறது. தமிழிலோ ஒரே கூறு எழுத்து வரிசைக்கு வரிசை வேறுபடுகிறது. ஆகார வரிசையில் கா, மா அறிந்த குழந்தை தா, நா ஆகியவற்றைத் தானே படித்துவிடும்; தன்கற்பித்தல் இங்கே எழுத்தளவிலேயே நிகழ்கிறது. உகர, ஊகார வரிசைகளில் அது நிகழாது. கு, சு, து, மு என்பவற்றை இணைக்கும் ஒரே குறி இல்லை; கூ, சூ, தூ, பூ என்பனவும் அவ்வாறே. இவ்விரு வரிசைகளின் முப்பத்தாறு எழுத்துகளிற் பெரும்பகுதியைக் குழந்தை தனித்தனியே கற்க வேண்டியுள்ளது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகளை ஒழுங்குபடுத்தியது. உகர ஊகாரங்களைத் தொடவில்லை. எகர, ஏகார, ஐகாரங்களில் பின்னொலிக்கும் உயிரின் குறி முன்னே நிற்கிறது. ஒகர, ஓகாரங்களில் இருபுறமும் நிற்கிறது. ஔகாரத்தின் குறியோ ளகரத்தின் வடிவாகவே உள்ளது. எனவே தமிழ் எழுத்து எளிதா கடிதா என்ற வினாவிற்குப் பத்து விடைகள் தந்தாலும் போதாது. எந்த வரிசை என்று கேட்டாக வேண்டும்.

இந்திய எழுத்துகளை 'அக்ஷர எழுத்து' என ஒரே வகையாகக் கொள்வதிலும் இடர்ப்பாடு உண்டு. கன்னடக் குழந்தைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்தறிவு நிறைவுற ஆரம்பப் பள்ளியின் பல ஆண்டுகள் தேவைப்படுவதைக் காட்டியது. அக்காலநீட்சியில் கூட்டெழுத்துகளின் பங்கு பெரிது. தமிழிலோ புள்ளி மெய்யைத் தனித்துக் காட்டுவதால், கிரந்த எழுத்து நீங்கலாகக் கூட்டெழுத்து இல்லை. 'பத்து' என்பதில் த், து இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. கன்னட முடிவை அப்படியே தமிழுக்குப் பொருத்துவது ஆங்கில முடிவைப் பொருத்துவதினும் சற்றே சிறந்தது, அவ்வளவே.

ஷேரின் 'விதிவிலக்கு' வாதத்திற்கும் தமிழ் ஒரு திருத்தம் கூறுகிறது. எழுத்து முழு ஒலியையும் தராதபோது, தெரிந்த சொல்லைக் கொண்டு ஒலியைச் சரிசெய்துகொள்ளுதல் ஆங்கில வாசிப்பில் பெரிதும் வேண்டப்படும் திறன். 'பல்', 'பல்பு' இரண்டும் பகரத்திலேயே தொடங்குகின்றன. தமிழ்ச் சொல்லாயின் மொழிமுதல் வல்லினம் ஒலிப்பிலா ஒலி என்னும் இலக்கணம் வழிகாட்டும். 'பல்பு', 'காந்தி', 'டாக்டர்' போன்றவற்றில் சொல்லை முன்பே அறிந்திருந்தால் மட்டுமே சரியான ஒலிப்பு கிடைக்கும். ஆக, ஒழுங்கான எழுத்து எனப்படும் தமிழின் ஒரு பகுதியில் ஆங்கிலத்தின் பண்பே செயற்படுகிறது. ஆங்கிலத்தை முற்றிலும் ஒதுக்கிவிட்டால் இதைக் காணத் தவறுவோம்.

இவற்றினும் ஆழமான சிக்கல் இரட்டை வழக்கில் உள்ளது. ஒலித்துப் பெற்ற வடிவம் அறிந்த சொல்லோடு பொருந்த வேண்டும் என்பது தன்கற்பித்தலின் அடித்தளம். 'ஐந்து' என்று பிழையறப் படிக்கும் குழந்தை பேசும் சொல் 'அஞ்சு'; 'இலை' என்பது 'எல'; 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பதற்கு ஈடானது 'வந்துட்டு இருக்காங்க'. பொருத்தம் கண்டறிய, குழந்தை முதலில் எழுத்துவழக்குச் சொல்லைக் கேட்டறிந்திருக்க வேண்டும். அரபுமொழியில் இதை எலினோர் சயெக்-ஹத்தாத் ஆராய்ந்து, பேச்சில் இல்லாத ஒலிகள் குழந்தைக்குக் கூடுதல் இடர் தருவதைக் காட்டியுள்ளார். ஷேரின் பட்டியலில் 'மொழித் தொலைவு' ஒரு கூறாக இடம்பெறுகிறது. ஆனால் அது பத்தில் ஒன்றாக நிற்பது தமிழுக்குப் போதாது. தன்கற்பித்தல் நிகழுமா என்பதையே அது தீர்மானிக்கிறது. கதை கேட்டு வளர்ந்த குழந்தைக்கும் அவ்வாய்ப்பு இல்லாத குழந்தைக்கும் முதல் வகுப்பிலேயே விழும் இடைவெளியை எழுத்துகளின் பட்டியலிலன்றி இங்கேதான் தேட வேண்டும்.

அளவீடும் மயங்கொலியும்

ஒன்றிய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்பிற்கு நிமிடத்திற்கு 45 முதல் 60 சொற்கள் என இலக்கு வைத்தது. பின்னர் 2022ஆம் ஆண்டின் அடிப்படைக் கற்றல் ஆய்வு மொழிவாரியான அளவுகோல்களை வகுக்க முற்பட்டது வரவேற்கத்தக்கது. ஒட்டுநிலை மொழியில் சொல்லை அலகாகக் கொள்வதே ஐயத்திற்குரியது. மேலே காட்டிய வினைச்சொல் ஒன்று ஆங்கிலத் தொடர் ஒன்றின் நீளமுடையது.

அளவீட்டினும் உடனடியாகச் செய்யத்தக்க ஒன்று உண்டு. ர–ற, ல–ள–ழ, ந–ன மயக்கத்தால் குழந்தைகள் செய்யும் எழுத்துப்பிழைகளுக்குக் கவனக்குறைவும் தவறான ஒலிப்புமே காரணமாக ஆசிரியர்களால் கூறப்பட்டுவருகின்றன. ஷேரின் 2004ஆம் ஆண்டு முடிவு வேறொரு விளக்கத்திற்கு வழிதிறக்கிறது. பலருடைய பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றே. எதைப் படித்தாலும் ஒலி ஒன்றாகவே வருவதால், எவ்வெழுத்து என்று நோக்க வாசிப்பு குழந்தையை வற்புறுத்துவதில்லை. இது உண்மையாயின், ஒலிப்புப் பயிற்சியை மிகுப்பது அப்பிழைகளைக் குறைக்காது. அச்சொற்களை எழுதிப் பார்த்தலும் பலமுறை கண்ணுறுதலும் குறைக்கக்கூடும்.

எபிரேயத்தில் அவர் பயன்படுத்திய அதே அமைப்பை இங்குப் பயன்படுத்தத் தடை ஏதுமில்லை. ரகரமோ றகரமோ அமைந்த புனைசொற்களைக் கொண்ட சிறு பத்திகளை ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புக் குழந்தைகள் படிக்க, மூன்று நாள் கழித்து அவர்கள் எவ்வடிவத்தைத் தேர்கிறார்கள், எவ்வடிவத்தை எழுதுகிறார்கள் என்று காண வேண்டும். ழகரத்தைப் பேச்சில் பிரித்தொலிக்கும் வட்டாரத்துக் குழந்தைகளையும் பிரித்தொலிக்காத வட்டாரத்துக் குழந்தைகளையும் தனித்தனியே சோதித்தால், ஒலிப்பின் பங்கும் கண்ணின் பங்கும் வேறாகத் தெரியவரும்.