காவற்சோலையும் உலக அறவியும்: மணிமேகலை காட்டும் புகார்நகர் வனங்கள்

தமிழ்க் காப்பியங்களில் இடம்பெறும் நகர வருணனைகளை அணிநலம் கருதிப் பாராட்டுதல் ஒரு வழக்கு. அவற்றைப் பண்டைய நகரமைப்பினை அறிதற்குரிய சான்றுகளாகக் கொள்ளுதல் பிறிதொரு வழக்கு. எம்மிடையே நெடுங்காலம் நிலவிவரும் இவ்விரு வழக்குகளிலும் ஒரு வினா விடுபட்டுப் போகின்றது. காப்பியம் பாடும் சோலை யாருக்குரியது? அதனுட் புகத்தக்கவர் யாவர்? அதனை நட்டுப் பேணியவர் யாவர்? மணிமேகலையிற் கூறப்படும் புகார்நகர் வனங்களை இவ்வினாவின் வழிநின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்துள்ள மாணவர்க்கு இவ்வினா புறம்பானதன்று என்பது பின்னர் விளங்கும்.

1898 ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட மணிமேகலை முப்பது காதைகளைக் கொண்டது. மூன்றாவதாகிய மலர்வனம் புக்க காதையில், கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு வடித்த கண்ணீரால் மணிமேகலை தொடுத்த மாலை தூய்மை இழக்கின்றது. புதுமலர் கொணருமாறு மாதவி அவளைப் பணிக்கின்றாள். உடனிருந்த சுதமதி, மணிமேகலை தனியே செல்லுதல் தகாது என்று தடுத்து, தன் கதையைச் சொல்கின்றாள். சண்பை நகரத்துச் சோலையிலே தனியே மலர் கொய்துகொண்டிருந்தபோது விஞ்சையன் ஒருவனாற் கவரப்பட்டுப் பின்னர் இந்நகரிற் கைவிடப்பட்டவள் அவள். அதன் பின்னரே புகாரின் சோலைகளை ஒவ்வொன்றாக எண்ணுகின்றாள்.

இவ்வெண்ணுமுறையே எமது கவனத்துக்குரியது. இலவந்திகைச் சோலையின் மதிற்புறத்தே சென்றால் அரசனைச் சார்ந்தோர் அங்குளர். உய்யானம் இந்திர விழாக்காலத்தில் வானவர்க்குரியது. அங்கே வண்டு பாடுவதில்லை, மரங்களில் வாடாத மாலைகள் தொங்குகின்றன, பாசக்கயிறு ஏந்திய பூதம் காவல் புரிகின்றது. சம்பாதி வனத்திலும் கவேர வனத்திலும் முதுமை மிக்க அணங்குகள் உறைகின்றன. அறிந்தோர் அங்குச் செல்லார். எஞ்சுவது உவவனம் ஒன்றே. புத்தபிரானது ஆணையால் அங்கு மரங்கள் பூக்கின்றன. பளிக்கறை மண்டபமும் அதனுள்ளே பதுமபீடிகையும் உள்ளன. ஆகவே மலர் கொய்யத் தக்க இடம் அதுவே என முடிக்கின்றாள் சுதமதி.

இப்பகுதியை வெறும் வனவருணனை என்று கொள்வதற்கில்லை. ஐந்து சோலைகளுள் நான்கினை அடையாளப்படுத்துவன அவற்றின் மரமோ மலரோ அல்ல. அவற்றைக் காப்பவரும், அவற்றினின்றும் விலக்கப்பட்டவருமே. ஒரு கடற்கரைப் பட்டினத்தின் பசுமையைப் பெண்ணொருத்தி தன் அச்சத்தினாலே அளந்து காட்டும் பட்டியல் இது. இலவந்திகை பற்றிய செய்தி இக்கருத்துக்கு மேலும் அரண்செய்கின்றது. அரசனும் உரிமை மகளிரும் விளையாடுதற்கமைந்த காவற்சோலை என்று உரையாசிரியர் அதனை விளக்குவர். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையிலே, புகாரை விட்டு நீங்கும் கோவலனும் கண்ணகியும் இதே சோலையின் மதிற்புறமாகவே செல்கின்றனர். இவ்விரண்டிடங்களிலும் கதைமாந்தர் அச்சோலையை அறிவது மதிலுக்கு வெளியே நின்றுதான். உள்ளே இருந்த நீர்நிலையையும் நிழலையும் பற்றி உரையாசிரியரே எமக்குக் கூறுகின்றனர்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். சாத்தனார் பௌத்த சமயக் காப்பியம் செய்தவர். புத்தபீடிகை உள்ள உவவனத்தை உயர்த்தும் பொருட்டே ஏனைய சோலைகளைத் தாழ்த்தினார் எனலாம். இத்தடை வலிமையுடையதே. ஆயினும் உவவனமும் மணிமேகலைக்குப் பாதுகாப்பு அளிக்கவில்லை என்பதை மறத்தலாகாது. உதயகுமரன் தேரூர்ந்து அங்கும் வருகின்றான்; மணிமேகலை பளிக்கறையினுள் அடைக்கலம் புகுகின்றாள். குரலை வெளிவிடாது உருவத்தை மட்டும் வெளிக்காட்டும் பளிங்குச் சுவர் அது. அவள் பேசுவது கேளாது. அவளைப் பார்த்தல் மட்டும் இயலும். சமயப் பரப்புரை மட்டுமே நோக்கமாயின், புத்தபிரானது வனத்தை இளவரசன் அணுகவியலாத புகலிடமாக்கியிருத்தல் கூடும். சாத்தனார் அவ்வாறு செய்யவில்லை.

கதை மேற்செல்லும் திசையும் இதனை உறுதிசெய்கின்றது. மணிமேகலை சோலைக்கு மீள்வதில்லை. மணிபல்லவம் சென்று அமுதசுரபி பெற்றுத் திரும்பியவள், பிச்சை ஏற்றபின் உலக அறவி என்னும் அம்பலத்தை அடைகின்றாள். பசியுற்றோரும், ஆருமற்ற நோயாளரும், இடுவோரை எதிர்நோக்கிக் கிடக்கும் இடம் அது. பலரும் புகத் திறந்த அகன்ற வாயிலை உடையது என்று சாத்தனார் அதனைக் கூறுவர். சோலைகளைக் காவலாற் குறித்த புலவர், அம்பலத்தை வாயிலாற் குறித்தமை தற்செயலானதாகத் தோன்றவில்லை. சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதையில் இம்முரண் இன்னும் கூர்மையடைகின்றது. அரசன் தேவியுடன் பூம்பொழிலில் உலாவி, மயிலும் குயிலும் மந்தியும் கண்டு மகிழ்கின்றான். அக்காதையிலேதான் காயசண்டிகை வடிவிலுள்ள மணிமேகலை சிறைக்கோட்டத்திற் பசித்தோர்க்கு உணவூட்டி, பின் மன்னனிடம் சிறையை அறக்கோட்டமாக்குமாறு வேண்டுகின்றாள். பொழிலும் சிறையும் ஒரே காதையில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. சிறையின் கதவு திறக்கின்றது. பொழிலின் மதில் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சாத்தனாரது அறவுணர்வின் உயரத்தையும் அதன் எல்லையையும் இவ்விடத்தில் ஒருசேரக் காண்கின்றோம். அம்பலத்தையும் அவர் மிகைப்படுத்தவில்லை. உதயகுமரன் அங்கும் வருகின்றான், அங்கேயே வெட்டுண்டு மடிகின்றான்.

இனி, இக்காப்பியத்தின் குறையாக எமக்குத் தோன்றுவதைக் கூறுதல் வேண்டும். அப்பொழிலினுள் அரசன் புகும் மண்டபத்தைச் சமைத்தவர்களை அவர் நாடு சுட்டிப் போற்றுகின்றார்: மகத வினைஞர், மராட்டக் கம்மர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர், தமிழ் வினைஞர் என்போர் கூடி இயற்றியது அது. கல்லிலும் மணியிலும் வேலை செய்தோர்க்கு இடமுண்டு. அதே பொழிலில் மண்ணைக் கொத்தியவர், நீர் இறைத்தவர், கிளை கழித்தவர் ஒருவருக்கும் இடமில்லை. உவவனத்திலோ மரங்கள் ஆணையினாற் பூக்கின்றன. கைவினைஞர் திறம்படத் தீட்டிய சித்திரத் திரையைப் போர்த்தியது போன்று அவ்வனம் தோன்றிற்று என்பது சாத்தனாரின் உவமை. உழைக்கும் கை சோலையினுள் வருவது உவமையாக மட்டுமே. அவ்வுவமையும் பசுமையை உழைப்பின் விளைவாகக் காட்டாது, கண்ணுக்கு விருந்தாகிய திரையாக்கிவிடுகின்றது.

தோட்டங்களிற் பிறந்தோர் இக்குறையை உடனே உணர்வர். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டாது விடப்பட்டால் மரமாக உயர்ந்துவிடும். மலை முழுவதும் இடுப்பளவு மட்டத்திற் சமனாகத் தோன்றும் அப்பசுமை இயற்கையின் கொடையன்று. முறைவைத்துத் திரும்பத் திரும்பக் கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகளும், கவ்வாத்துக் கத்தியும், கான் வெட்டும் மண்வெட்டியும் நாளாந்தம் ஆக்கிவைத்தது. கேகாலைப் பகுதியின் இறப்பர் தோட்டங்களில் விடியற்பொழுதிலே பால் வெட்டப் புறப்படுவோர் நிழலில் உலாவச் செல்வோரல்லர். இங்கு எந்த மரமும் ஆணையினாற் பூப்பதில்லை. பிரட்டுக் களத்தில் இடப்படும் ஆணை மரத்துக்கு உரியதன்று, மனிதருக்கு உரியது.

இவ்வேறுபாட்டினைச் சொல்லின் வரலாறும் காட்டுகின்றது. தோட்டம் என்னும் சொல் இலங்கைத் தமிழில் இருவேறு பொருள் உணர்த்துகின்றது. கொழும்பில் ஒல்லாந்தர் காலத்துக் கறுவாப் பயிர்ச்செய்கை மறைந்து நெடுங்காலமாகியும், அந்நிலம் கறுவாத்தோட்டம் என்றே வழங்குகின்றது. முன்னர் விக்டோரியாப் பூங்கா எனப் பெயர்பெற்றிருந்த விகாரமகாதேவிப் பூங்கா அங்கேதான் உளது. அங்கு தோட்டம் என்பது செல்வத்தின் முகவரி. இறக்குவானையிலோ பலாங்கொடையிலோ எட்டியாந்தோட்டையிலோ அதே சொல் லயன் அறையின் முகவரியாகின்றது. தோட்டத்தான் என்பது இழிசொல்லாகவும் எறியப்பட்டுள்ளது. தோட்டத்தினுள்ளேயே இருவகைப் பசுமை உண்டு. துரை பங்களாவின் பூந்தோட்டம் இலவந்திகையின் வாரிசு. அதைப் பேணுவோர் நாளும் உட்செல்வர், ஆயினும் அங்கு அமர்வதில்லை. காலிமுகத்திடல் போன்ற திறந்தவெளிக்கு வேறொரு வரலாறு உண்டு. 1859 இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் நிறைவுற்ற அதன் உலாவீதி நகரத்துச் சீமாட்டியரையும் சிறாரையும் கருதி அமைக்கப்பட்டது. 2022 இலே நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த மக்கள் அதனைத் தமது அம்பலமாக்கிக்கொண்டனர். ஒரு வெளியை அமைத்தோர் கருதியதும், மக்கள் அதனை ஆக்கிக்கொள்வதும் ஒன்றாதல் வேண்டுமென்பதில்லை.

மணிமேகலைக்கும் எமது மாகாணத்துக்கும் இடையே நேரடித் தொடர்பொன்றும் உளது. பாத்திரம் பெற்ற காதையில், இரத்தின தீவத்துச் சமந்தமலை உச்சியிலுள்ள புத்தபாதத்தை வலங்கொண்டு வந்தவளாகத் தீவதிலகை தன்னை அறிமுகப்படுத்துகின்றாள். கச்சிமாநகர் புக்க காதையிலும் இலங்காதீவத்துச் சமனொளி மலையை வலங்கொண்டு மீளும் சாரணர் குறிப்பிடப்படுகின்றனர். இரத்தினபுரி மாவட்ட எல்லையில் 2243 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிவனொளிபாதமலையே இதுவென அறிஞர் கொள்வர். புகாரிலிருந்து நோக்கிய சாத்தனாருக்கு அம்மலை பிறவிக் கடலைக் கடப்பிக்கும் அறத்தின் நாவாய். அதன் அடிவாரத்து மக்கள் அவர் பார்வைக்கு எட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து மெய்யான கடலைக் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அம்மலையடியில் இருந்துகொண்டு புகாரை வாசிக்கின்றனர். பார்வையின் திசை மாறிவிட்டது. ஆகவே வாசிப்பும் மாறியாதல் வேண்டும்.

இம்மாற்றம் எமது படைப்புகளில் நிகழ்ந்துள்ளதா என்பதே நாம் எதிர்கொள்ளவேண்டிய வினா. கோகிலம் சுப்பையா தமது நாவலுக்குத் தூரத்துப் பச்சை என்று பெயரிட்டபோது, தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்னும் பழமொழியையே குற்றச்சாட்டாக மாற்றினார். சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தூரின் அடியிற் புதையுண்ட மனிதரைக் கண்டார். இவர்கள் வழிவந்த பின்னரும், மாணவர் கவிதைகளில் மலைச்சரிவைப் பச்சைக் கம்பளம் எனப் பாடும் வழக்கம் ஓயவில்லை. உல்லாசப் பயண விளம்பரத்துக்குரிய அத்தொடர் சாத்தனாரின் சித்திரத் திரைக்கு நேர்வழித் தோன்றல். அவருக்காவது அது புதிதாகக் கண்ட உவமை. எமக்கு அது இரவற் பொருள். கம்பளம் கீழுள்ளதை மறைப்பது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களை அது மறைக்கின்றது. 1977 இலும் 1981 இலும் வன்செயல்களால் இரத்தினபுரித் தோட்டங்களை விட்டு ஓடியவர்களை மறைக்கின்றது. 2016 மே மாதத்திலே கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொகுப்பிட்டியவிலும் சரிந்த மண்ணையும் அது மறைக்கின்றது. புளத்கொகுப்பிட்டியவில் அம்மண்ணின் கீழ் அகப்பட்டவை லயன்கள்.

இதனால் மலையின் அழகைப் பாடுதல் ஆகாது என்பது எமது கருத்தன்று. அழகை மறுப்பதும் ஒருவகைப் பொய்யே. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் விடியலின் பனி அழகாகவே தோன்றும். அவ்வழகை யார் கண்ணால், எங்கு நின்று, எவருடைய உழைப்பின்மேற் காண்கின்றோம் என்பதை மறவாத சொல்லையே வேண்டுகின்றோம். சுதமதி சோலைகளை எண்ணிய முறை அதற்கு ஒரு முன்மாதிரி. அவள் மலர்களை எண்ணவில்லை, காவலர்களை எண்ணினாள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணின் வாயில் வைத்து அதனைச் சொல்வித்த சாத்தனார், உழைத்தோரை மறந்தபோதிலும், புகுதற்குரிமை பற்றிய வினாவை எமக்கு விட்டுச் சென்றுள்ளார். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் குடியுரிமை கிடைத்தபோதும், தாம் வாழும் லயன் நிற்கும் நிலத்துக்கு உறுதி பெற்றோர் மிகச் சிலராகவே உள்ள ஒரு சமூகத்தில், அவ்வினா இலக்கிய வினாவாக மட்டும் நின்றுவிட முடியாது.