டாக்டருக்கு முன்னால் வருபவர்

அமெரிக்காவில் முழங்கால் பிசகி விளையாட்டு மருத்துவ கிளினிக்குக்குப் போனால், பல இடங்களில் டாக்டருக்கு முன்பே ஓர் அத்லெடிக் டிரெய்னர் அறைக்குள் வருவார். ஜிம்மில் எடை தூக்க வைப்பவர் இங்கே எதற்கு என்று புதிதாக வருபவர்களுக்குத் தோன்றும். ஆனால் அத்லெடிக் டிரெய்னர்களுடைய தேசியச் சங்கம் 1950-இலேயே தொடங்கியது. 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இவர்கள் வேலையை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றது. பெயர்தான் இன்னும் குழப்புகிறது.

கை வைத்ததும் குழப்பம் தீர்ந்துவிடும். முதலில் நல்ல காலைத்தான் தொடுவார், அதுதான் அளவுகோல். பிறகு வலிக்கிற கால். ஒரு கை தொடையைப் பிடித்திருக்க, மறுகை கெண்டைக்காலை மெல்ல முன்னால் இழுக்கும். உள்ளே ஜவ்வு தாங்குகிறதா, தளர்கிறதா என்பது விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஊன்றுகட்டை கொடுப்பதிலும் ஒரு நேர்த்தி. அக்குளுக்குக் கீழே இரண்டு மூன்று விரல் இடைவெளி. கைப்பிடி மணிக்கட்டு மட்டத்தில். பாரம் கையில் இறங்க வேண்டும், அக்குளில் அல்ல. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால்.

டாக்டர் ஸ்கேனைக் காட்டி விளக்கியது பாதி மறந்துபோகும். வீட்டுப் படிக்கட்டின் முன்னால் நிற்கும்போது காதில் கேட்பது இந்த டிரெய்னரின் குரல்தான்.