தத்துவம் படும் பாடு

நாட்டிலே மலிந்துவிட்ட சொற்களுள் ஒன்று 'தத்துவம்'. வெள்ளகோவில் கடைவீதியிலே சற்றுச் செவி கொடுத்தாலே அதன் நிலை விளங்கும். நீளப் பேசுபவனை, "தத்துவம் பேசாதே!" என்று அடக்குகிறார்கள். நிலையாமையை நினைத்து ஏங்கும் திரைப்பாட்டுக்கு வானொலி சூட்டும் பெயர் 'தத்துவப் பாடல்'. விசைத்தறியிலே இரவெல்லாம் நின்றவன் கூலி குறைந்தது ஏன் என்று கேட்டாலோ, "எல்லாம் தலையெழுத்து, இதுதான் வாழ்க்கைத் தத்துவம்!" ஓரிடத்தில் கேலி, ஓரிடத்தில் ஒப்பாரி, மற்றோரிடத்தில் வாய்ப்பூட்டு!

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். வடமொழியில் 'தத்' என்றால் 'அது'. ஒரு பொருள் அதுவாக இருக்கும் தன்மையே தத்துவம். சைவ சித்தாந்திகள் நிலம் முதல் நாதம் ஈறாக 36 தத்துவங்களை எண்ணினர். அவர்களுடைய விடையை நாம் ஏற்கவில்லை. ஆனால், உலகம் எவற்றால் ஆனது என்று அவர்கள் கேட்டதை மறுப்பதற்கில்லை. கிரேக்கரின் 'பிலாசபி'க்குப் பொருள், அறிவின்மீது கொண்ட காதல். கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட சாக்ரடீசுக்கு, இளைஞரைக் கெடுத்தான் என்று பழி சுமத்தி, கி.மு. 399-இல் நஞ்சு கொடுத்தது ஏதென்சு.

தமிழிலும் இந்த வேட்கை இருந்தது. மணிமேகலையின் 27-ஆம் காதையிலே, வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரை பதின்மரிடம் அவரவர் கொள்கை கேட்கப்படுகிறது. மறுமை பொய் என்னும் பூதவாதிக்கும் அங்கே இடமுண்டு. ஆனால், கேட்டவள் தன் உருவிலே போகவில்லை! இளையவள், பெண் என்பதால் உண்மை உரைக்கமாட்டார்கள் என்று, ஆண் துறவியின் வடிவு கொண்டன்றோ போகவேண்டியிருந்தது! கேட்கும் உரிமைக்கு அன்றே வேலி!

வள்ளுவரோ அந்த வேலியை மதிக்கவில்லை. பொருளின் தோற்றத்திலே மயங்காதே என்கிறது 355-ஆம் குறள். சொன்னவர் யார் என்று பாராதே என்கிறது 423-ஆம் குறள். இரண்டும் உண்மை காண்பதையே அறிவு என்று முடிக்கின்றன.

'தத்துவம்' என்பதை நீக்கி 'மெய்யியல்' என்று எழுதுகிறோம், நன்று. ஆயினும் பெயரை மாற்றிவிட்டு, 'விதி' என்னும் பழைய சரக்கையே அதில் அடைத்தால் பயன் என்ன? கூலி ஏன் குறைந்தது என்று கேட்டானே தறித் தொழிலாளி, அவன் வினாவிலே மெய்யியல் தொடங்குகிறது. தலையெழுத்து என்ற விடையிலே அது சாகிறது. தோழர்களே! இனி எவரேனும் "தத்துவம் பேசாதே" என்றால், பேசுவதை நிறுத்தாதீர்; கேட்கத் தொடங்குங்கள்!