விண்ணிற் குடியேற்றம்: ஓநீலின் நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

மனிதன் சந்திரனில் முதன்முதலாக அடிவைத்த 1969 ஆம் ஆண்டிலே, பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ஜெராட் ஓநீல் தம் மாணவர் சிலர்க்கு ஒரு வினாவை விடுத்தார். வளர்ந்து செல்லும் தொழினுட்ப நாகரிகத்துக்கு ஒரு கோளின் மேற்பரப்புத்தான் தக்க உறைவிடமோ என்பதே அவ்வினா. அன்று என்பதே அவர் கண்ட விடை. அவ்விடையை விரித்து அவர் எழுதிய கட்டுரை 1974 செப்ரெம்பரிலே 'பிசிக்ஸ் ருடே' என்னுஞ் சஞ்சிகையில் வெளிவந்தது. மறு ஆண்டு கோடையிலே நாசா நிறுவனத்தின் ஆதரவிற் கலிபோர்னியாவிற் பத்து வார ஆய்வொன்று நடைபெற்றது. 'உயர் எல்லைநிலம்' எனப் பொருள்படும் 'த ஹை புரொன்ரியர்' என்ற நூல் 1976 இற் பிறந்தது. அதன்பின் விண்ணிற் குடியேறுதல் பற்றி எழுந்த கருத்துக்கள், ஆதரித்தனவாயினும் எதிர்த்தனவாயினும், பெரும்பாலும் இந்நூலைச் சுற்றியே நிற்கின்றன.

இந்நூலை வெறுங் கற்பனையென ஒதுக்குதல் எளிது, நியாயமன்று. துணிக்கைப் பௌதிகத்திலே சேமிப்பு வளையம் என்னும் அமைப்பை 1956 இல் முன்மொழிந்தவர் ஓநீல். கணக்குப் பாராமற் பேசும் இயல்பு அவருக்கில்லை. சுழற்சியினால் நிறையை உண்டாக்கலாம் என்பது அவருக்கு முன்பே பலர் கூறிய எண்ணம். எத்துணைப் பெரிய சக்கரம் எத்துணை விரைவாகச் சுழலவேண்டும் என்பதை ஊர் ஒன்றின் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியமையே இவர் செய்த புதுமை. 1975 ஆம் ஆண்டின் ஆய்வில் வகுக்கப்பட்ட வளைய நகர் ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர் விட்டமுடையது. நிமிடத்துக்கு ஒருமுறை சுழல்வது. 10,000 மக்களுக்கு இடமளிப்பது. உயர்தர வகுப்பு மாணவனொருவன் தன் இயக்கவியற் பாடத்தைக்கொண்டே இவ்வெண்களைச் சரிபார்க்கலாம். விளிம்பிலே பூமியின் ஈர்ப்புக்கு ஒப்பான விளைவு கிடைத்தலைக் காண்பான். நூலில் வரும் பெருநகரோ 6.4 கிலோமீற்றர் விட்டமும் 32 கிலோமீற்றர் நீளமுமுடைய இரட்டை உருளை.

இவற்றைக் கட்டுதற்குரிய பொருளை எங்கிருந்து பெறுவது? இதற்கு ஓநீல் கூறும் விடையே நூலின் உயிர்நிலை எனலாம். பூமியின் பிடியினின்று விடுபடுவதற்குச் செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் வேகம் வேண்டும், சந்திரனிலோ 2.4 கிலோமீற்றர் போதும். வேகத்தின் வர்க்கத்தை நோக்கின், ஒரே திணிவுக்கு வேண்டிய சத்தி ஏறத்தாழ இருபத்திரண்டில் ஒரு பங்காகிவிடும். ஆதலின் சந்திரனிலே மண்ணை வெட்டி, மின்காந்தத் தண்டவாளம் ஒன்றின் வழியாக அதனை விண்ணில் வீசவேண்டுமென்றார். அத்தகைய பொறியின் சிறு மாதிரியொன்றைத் துணைவருடன் 1977 இற் செய்தும் காட்டினார். அண்டக்கதிர்களைத் தடுக்கும் கவசத்துக்கு மட்டும், வளைய நகரின் கணக்கிலே, ஏறத்தாழ ஒரு கோடி தொன் மண் வேண்டியிருந்தது. 2000 ஆம் ஆண்டு நவம்பர் தொடக்கம் மனிதர் இடைவிடாது வாழ்ந்துவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் முழு நிறையும் ஏறத்தாழ 420 தொன்னே என்பதை உடன்வைத்து நோக்கின், திட்டத்தின் பருமன் புலப்படும்.

ஆயினும் சந்திர மண்ணை வெட்டும் தொழிலாளியும், தண்டவாளமும், முதல் விளைச்சல் வரும்வரை உண்ணுஞ் சோறும் பூமியிலிருந்துதானே செல்லவேண்டும்? இவ்விடத்திலேதான் நூலின் கணக்குத் தளர்கின்றது. அக்காலத்திலே நாசா உருவாக்கிக்கொண்டிருந்த விண்ணோடத்தையும் அதன் வழிவரும் ஊர்திகளையும் ஓநீல் நம்பினார். அவ்வோடம் ஆண்டுக்கு ஐம்பது தடவைக்கு மேல் எழுமென்று 1970 களின் தொடக்கத்திலே மதிப்பிட்டனர். 1981 தொடக்கம் 2011 வரை அஃது எழுந்தது மொத்தம் 135 தடவை. மிகுதியாக எழுந்த 1985 ஆம் ஆண்டிலும் ஒன்பது தடவையே. பாராளுமன்றத்திலே பணம் கேட்கும் திணைக்களமொன்று கொடுத்த எதிர்பார்ப்பை ஒரு பௌதிகப் பேராசிரியர் இயற்கை மாறிலியைப் போல ஏற்றுக்கொண்டமை வியப்புக்குரியது. பொறியியலிலே காட்டிய ஐயறிவை அரசின் அறிக்கையிலும் அவர் காட்டியிருக்கலாம்.

இக்குறையை மூடுவதற்குப் பிற்காலத்து ஆதரவாளர் எடுத்தாளும் உவமை ஒன்றுண்டு. கணனியின் விலை வீழ்ந்தது போல விண்பயணத்தின் விலையும் வீழும் என்பதே அது. சிலிக்கன் சில்லொன்றில் அடங்கும் உறுப்புக்களின் தொகை ஆண்டுதோறும் இரட்டிக்கின்றதெனக் கோடன் மூர் 1965 இல் எழுதினார்; 1975 இல் அதனை ஈராண்டுக்கு ஒருமுறை எனத் திருத்தினார். 1971 இல் வெளிவந்த இன்ரெல் 4004 என்னுஞ் சில்லிலே 2,300 திரான்சிஸ்ரர்கள் இருந்தன. ஐம்பதாண்டின் பின் ஒரு சில்லில் ஆயிரங்கோடிக்கு மேற்பட்டவை அடங்கின. இத்தகைய வீழ்ச்சியைக் கண்ணாரக் கண்ட தலைமுறை எல்லாப் பொருளிடத்தும் அதனை எதிர்பார்த்தலிலே வியப்பில்லை.

ஆனால் உவமை பொருந்தாது. கணனி மலிந்ததற்குக் காரணம் அதன் உறுப்பு சிறுத்தமையே. எண்ணுக்கு எடையில்லை. ஓர் எண்ணைக் குறிக்கும் மின்னேற்றம் முன்னையதினும் ஆயிரத்திலொரு பங்காகக் குறைந்தாலும் அவ்வெண் அதே எண்தான். மனிதனைச் சிறுக்கச் செய்ய முடியுமா? அவன் எழுபது கிலோகிராம். அவனுக்கு வேண்டிய நீரும் காற்றும் குறைவதில்லை. ஏவூர்தியின் நியதியோ 1903 இல் உருசிய அறிஞர் சியொல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாட்டிலே அடங்கிவிட்டது. பூமியை அண்மையிற் சுற்றுவதற்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீற்றர் வேகம் வேண்டும். ஐதரசனும் ஒட்சிசனும் எரிந்து வெளியேறும் வேகம் 4.5 கிலோமீற்றரளவிலே நின்றுவிடுகின்றது. எனவே ஏவூர்தியின் பெரும்பகுதி எரிபொருளாகவே இருத்தல் வேண்டும். அப்பலோ வீரரைச் சுமந்த 'சற்றேண் 5' எழும்போது ஏறத்தாழ 2,900 தொன். சந்திரனை நோக்கி அது தள்ளிவிட்டது 50 தொன்னுக்குட்பட்ட சுமை. 2015 டிசம்பரிலே முதன்முறையாகத் தரையிறங்கி, 2017 தொடக்கம் மீளப் பயன்படும் 'பல்கன் 9' ஏவூர்தியின் முதலடுக்கு இச்சுமைக்குரிய செலவைப் பெரிதுங் குறைத்தது உண்மை. அஃது ஊர்தியை வீசியெறியாமையால் வந்த சிக்கனம். கப்பலைப் பயணந்தோறும் மூழ்கடியாதிருப்பதற்கு ஒப்பான அச்சிக்கனம் ஒருமுறை கிடைப்பது. ஈராண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பதன்று.

இதனினும் சுவையான செய்தி, விண்ணிற்குச் சென்ற கணனியே தரையிலுள்ள கணனிக்குப் பின்னடைந்து நிற்பது. வளிமண்டலமும் காந்தப்புலமுங் காக்காத வெளியிலே, அண்டக்கதிர்த் துணிக்கையொன்று சில்லினூடு பாய்ந்து பூச்சியத்தை ஒன்றாக்கிவிடும். உறுப்புச் சிறுக்கச் சிறுக்க அதனை மாற்றுதற்கு வேண்டிய மின்னேற்றமுங் குறைகின்றது. ஆகவே 2012 இலும் 2021 இலும் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஊர்திகள் 'றாட் 750' என்னும் கதிர்தாங்கும் செயலியையே தாங்கின. அதன் மூலம் 1997 இற் சந்தைக்கு வந்த ஒரு மேசைக் கணனிச் செயலி. அதே 2021 இல் அவ்வூர்தியோடு சென்ற 'இன்ஜெனியூற்றி' என்னும் சிறு உலங்குவானூர்தி கைத்தொலைபேசிக்குரிய செயலியொன்றைக் கொண்டு பறந்தது. ஐந்து தடவை பறந்தாற் போதுமென்று அனுப்பப்பட்ட அது 2024 சனவரி வரை 72 தடவை பறந்தது. இதனைக் கண்டு கதிர்தாங்கும் செயலி வீண்செலவு என்பாருளர். வீழ்ந்தால் ஒரு பொம்மையே வீழும் என்ற நிலையிலே எடுத்த துணிவை, பதினாயிரம் பேரின் காற்றையும் நீரையும் ஆளும் கணனியில் எடுக்கலாகுமா என்பதை அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை.

உவமை பிழைத்தாலும் அதன் பின்னே மறைந்துள்ள வரலாறு பயனுடையது. சில்லு எவ்வாறு மலிந்தது? 1960 களின் தொடக்கத்தில் ஒருங்கிணைந்த மின்சுற்று விலையுயர்ந்தது. நம்பத்தகாததென்றும் பலர் கருதினர். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் கருவிச்சாலை 1962 இல் அதனை அப்பலோ வழிகாட்டுங் கணனிக்குத் தெரிந்தெடுத்தது. 1963 இல் ஐக்கிய அமெரிக்காவில் உற்பத்தியான அத்தகைய சுற்றுக்களிற் பாதிக்கு மேற்பட்டவை இக்கணனித் திட்டத்துக்கே சென்றன. 'மினிற்மான்' ஏவுகணையும் மற்றொரு பெரிய கொள்வனவாளராயிற்று. இறுதி வடிவிலே அக்கணனி ஏறத்தாழ 2,800 சுற்றுக்களையும், மாற்றத்தக்க 2,048 சொற்களையும், மாற்றவொண்ணாத 36,864 சொற்களையுங் கொண்டு, ஏறத்தாழ 32 கிலோகிராம் நிறையுடையதாய் அமைந்தது. மாற்றவொண்ணாத அந்நினைவகம் கையால் நெய்யப்பட்டது. வோல்தம் நகரத்துத் தொழிற்சாலையிலே பெண்கள் செப்புக்கம்பியைக் காந்த வளையத்தினுள்ளே செலுத்தினால் ஒன்று. புறத்தே விட்டுச்சென்றாற் பூச்சியம். சந்திரனுக்குச் செல்லும் வழி நெசவாக இருந்தது. அரசு அங்கே பணத்தோடு கண்டிப்பையும் கொடுத்தது: தேர்விலே தவறிய தொகுதி முழுவதும் திருப்பியனுப்பப்பட்டது. விலை வீழ்ந்ததும் தரம் உயர்ந்ததும் அதன் பின்னரே.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு 1977 இல் எழுந்த பூசலை நோக்கலாம். ஐக்கிய அமெரிக்க மேற்சபையிலே நாசாவின் நிதியை மேற்பார்த்த விஸ்கொன்சின் உறுப்பினர் வில்லியம் புரொக்ஸ்மயர், இப்பைத்தியக்காரக் கனவுக்கு ஒரு சதமும் கொடுக்கலாகாதென அறிவித்தார். 1975 இல் அமைந்த 'எல்-5' சங்கத்தினர் அவரை அறிவின் பகைவரென்றனர். இருசாராரும் ஒரே பிழையையே செய்தனர். வளைய நகரின் மதிப்பீடு ஏறத்தாழ 19,000 கோடி டொலர், 1975 ஆம் ஆண்டு விலையில். அத்தொகையை ஒரே பொருளின் விலையாக வைத்துக்கொண்டு கொடு என்றும் கொடேன் என்றும் வாதாடினர். அப்பலோக் கணனியின் வெற்றியோ அவ்வாறு வந்ததன்று: அளவிடத்தக்க ஓர் உறுப்பு, குறித்த நாள், தரத்தேர்வு என்ற முறையிலே வந்தது. 2006 இல் நாசா விண்நிலையத்துக்குப் பொருளேற்றுதலைத் தனியாரிடம் ஒப்பந்தமாக விட்டபோது அம்முறைக்கே ஓரளவு திரும்பியது; 'பல்கன் 9' அதன் பேறு. புரொக்ஸ்மயர் பொதுப்பணத்தின் காவலர் என்ற வகையிற் போற்றத்தக்கவர். ஆனால் நகரத்துக்கு மறுத்த சதத்தோடு ஆய்வுக்குரிய சதத்தையும் மறுத்தார். ஓநீல், குடியேறியோர் சந்திர மண்ணாற் சூரியமின் நிலையங்கள் கட்டிப் பூமிக்கு மின்விற்றுக் கடனடைப்பர் என்றார். அத்தகைய நிலையங்களை அமெரிக்கச் சத்தித் திணைக்களமும் நாசாவும் 1977 தொடக்கம் ஆராய்ந்தன. 1981 இற் பணம் நின்றது. கடனை யார் முதலிற் கொடுப்பார் என்ற வினா விடையின்றியே நின்றது.

வேறொரு திசையினின்று வந்த எதிர்ப்பும் ஈண்டு கருதத்தக்கது. கென்ரக்கியிலே நிலமுழுது வாழ்ந்த கவிஞர் வெண்டல் பெரி, எல்லைநிலம் என்ற பழைய அமெரிக்க வேட்கையே இங்கு புதுவேடம் பூண்டு வருகின்றதென்றார்; பாழாக்கியதைத் திருத்தாது பெயர்ந்துசெல்லும் மனப்பான்மையை அவர் கடிந்தார். ஓநீலின் 1974 ஆம் ஆண்டுக் கட்டுரை 'கொலனி' என்ற வேரினின்று தலைப்பைப் பெற்றது. நாசாவின் 1977 ஆம் ஆண்டு அறிக்கை அதனை விலக்கி வேறு சொல்லை இட்டுக்கொண்டது. தமிழிலே இரண்டுங் குடியேற்றமே. இச்சொல்லின் பாரத்தை இலங்கை வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. விண்வெளியை எந்நாடுந் தனதெனக் கொள்ளலாகாதென 1967 ஆம் ஆண்டு உடன்படிக்கை விதித்தது. ஆயின் அங்கெடுத்த பொருள் எடுத்த குடிமகனுக்கே உரியதென ஐக்கிய அமெரிக்கா 2015 இற் சட்டஞ் செய்தது. நிலம் எவருக்குமில்லை, மண்ணோ அள்ளியவனுக்கு என்னும் இந்நிலையிலே பெரியின் ஐயத்துக்கு வலிமை குறையவில்லை.

குடியேற்றத்தின் உள்ளரசு எவ்வாறமைதல் வேண்டுமென்பதை ஓநீல் வகுக்க விரும்பவில்லை. சிறு நகரங்கள் பல தத்தம் வழியே வாழுமென்ற நம்பிக்கையோடு அமைந்தார். 2019 இல் பிரின்ஸ்ரனின் பழைய மாணவரான ஜெப் பெசோஸ் வொஷிங்ரனிலே அவ்வுருளை நகரங்களின் ஓவியங்களை மீண்டும் காட்டியபோதும் அங்கே ஆறும் சோலையுமே காணப்பட்டன. பூமியிலே அரசனை வெறுத்தவன் காட்டுக்குச் செல்லலாம். சுவாசிக்குங் காற்றே ஒரு பொறிச்சாலையிலிருந்து வரும் ஊரில் அவ்வாறு செல்ல இடமில்லை. காற்றைத் தருபவனே அங்கு அரசன். ஆட்சியைப் பற்றிய அதிகாரமின்றி முடியும் ஒரு நகரத் திட்டம், எவ்வளவு நுட்பமாக வரையப்பட்டதாயினும், பாதித் திட்டமே.

அக்காற்றும் கணக்கிட்டவாறு நிற்பதில்லை. அரிசோனாவிலே கண்ணாடியால் மூடிய 'பயோஸ்பியர் 2' என்னும் மாளிகையில் 1991 செப்ரெம்பரில் எண்மர் புகுந்து ஈராண்டு வாழ்ந்தனர். உள்ளே வயலும் சிறு கடலும் மழைக்காடும் இருந்தன. ஒட்சிசன் 20.9 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 14.5 சதவீதத்துக்கு இறங்கியது. வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் அதனை உண்டன. அவை வெளியிட்ட காபனீரொட்சைட்டைக் கட்டடத்தின் கொங்கிறீற்று உறிஞ்சியமையால், இழப்பின் காரணம் நெடுநாள் புலப்படவில்லை. 1993 சனவரியிலே வெளியிலிருந்து ஒட்சிசன் செலுத்தப்பட்டது. சுவருக்கு அப்பால் அரிசோனாவின் காற்று இருந்தது.