பிரைமர் பதிக்கும் மேசைக் கருவி: வேகமும் விரலுணர்வும்

சுட்டு முடித்த தோட்டாவில் மிஞ்சுவது பித்தளைக் கூடு மட்டும்தான். குண்டு போய்விட்டது, மருந்து எரிந்துவிட்டது, கூட்டின் அடியில் இருந்த பிரைமர் ஒரே அடியில் தீர்ந்துவிட்டது. அமெரிக்காவில் துப்பாக்கிப் போட்டிகளில் கலந்துகொள்கிறவர்களும் வேட்டைக்குப் போகிறவர்களும் அந்தக் கூட்டை எடுத்துவந்து, கழுவி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிதாகப் பிரைமரும் மருந்தும் குண்டும் ஏற்றிக்கொள்கிறார்கள். ரீலோடிங் எனப்படும் இது அங்கே சட்டம் அனுமதிக்கும், நெடுநாள் வேர்விட்ட வீட்டுக் கைத்தொழில். கராஜில் உறுதியான ஒரு மேசை, அதில் முடுக்கிய பிரஸ், துல்லியமான ஒரு தராசு இருந்தால் தொடங்கிவிடலாம்.

இந்தக் கைத்தொழிலில் இருப்பவர்கள் மருந்தின் எடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், குண்டின் வடிவத்தைப் பற்றி வாதாடுவார்கள். பிரைமர் பதிக்கும் வேலையை மட்டும் பலர் சில்லறை வேலையாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. துப்பாக்கி மருந்து திறந்த வெளியில் நெருப்புப் பட்டால் எரியும். பிரைமரோ அடிபட்டாலே வெடிக்கும். அடிக்கு வெடிக்கும் பொருளை மனிதன் நெம்புகோல் கொண்டு அழுத்துகிற ஒரே கட்டம் இதுதான். அதற்கு எந்தக் கருவியைத் தேர்வது என்பது வசதியைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல.

பிரைமர் என்பது ஒரு சிறு உலோகக் கிண்ணம். பெரியது 0.210 அங்குல விட்டம், சிறியது 0.175 அங்குலம், அதாவது 5.3 மில்லிமீட்டரும் 4.4 மில்லிமீட்டரும். கிண்ணத்துக்குள் லெட் ஸ்டிஃப்னேட்டை முதன்மையாகக் கொண்ட கலவை. அதன் மேல் சின்னஞ்சிறு பட்டடை போல ஓர் உலோகத் துண்டு, மூன்று அல்லது இரண்டு கால்களோடு உட்கார்ந்திருக்கும். துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தைக் குத்தும்போது கலவை ஊசிக்கும் பட்டடைக்கும் நடுவில் நசுங்கி வெடிக்கிறது. தீபாவளிக் கேப் துப்பாக்கியில் சுத்தியலுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் கேப் நசுங்குவதும் இதே தத்துவம்தான். ஆக, பட்டடையின் கால்கள் குழியின் அடித்தளத்தில் உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றாவிட்டால் ஊசியின் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், தோட்டா வெடிக்காது. அதே தோட்டாவை இரண்டாம் முறை சுட்டால் வெடித்துவிடும். முதல் அடியில் ஏமாற்றி இரண்டாம் அடியில் வெடிக்கும் தோட்டாவைப் பார்த்தால், பெரும்பாலும் பிரைமர் மேசையிலேயே சரியாகப் பதியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

மேலே துருத்தி நிற்கும் பிரைமர் இதைவிடக் கொடியது. ரிவால்வரில் அது உருளையைச் சுழலவிடாமல் சிக்கவைக்கும். எம்1 கேரண்ட் போன்ற அரைத்தானியங்கி ரைபிள்களில் ஊசியைப் பின்னால் பிடித்துவைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் முன்னோக்கிப் பாய்ந்து மூடும்போது ஊசியும் தன் வேகத்தில் முன்னே வந்து பிரைமரை இலேசாகத் தொடும். பிரைமர் துருத்தியிருந்தால் விசையை இழுக்காமலேயே தோட்டா வெடிக்கக்கூடும். அதனால்தான் ரீலோடிங் கையேடுகள் பிரைமர் கூட்டின் அடிப்பரப்புக்குக் கீழே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு ஆழத்தில் இருக்கட்டும் என்கின்றன.

இந்த வேலைக்குப் பழைய வழிகள் உண்டு. லீ லோடர் என்ற மலிவுப் பெட்டியில் பிரைமரைச் சுத்தியலால் தட்டித்தான் உள்ளே இறக்க வேண்டும். சில நேரம் அது மேசையிலேயே வெடித்துவிடும். பிரஸ்ஸின் கையிலேயே பிரைமர் பதிக்கும் அமைப்பும் இருக்கிறது. ஆனால் பிரஸ்ஸின் நெம்பு கூட்டை நசுக்கி அளவு மாற்றுவதற்காக ஏற்பட்டது. அந்த வலிமைக்கு முன் பிரைமர் ஒரு பொருட்டே இல்லை. அது எப்போது அடியைத் தொட்டது என்று கைக்குத் தெரியவே தெரியாது. கையில் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தும் கருவிகள் இதற்கு நேர் எதிர். எல்லாம் விரலுக்குத் தெரியும். நூறு, இருநூறு தோட்டாக்களுக்குப் பிறகு விரல் வலிக்கும். ரீலோடிங் செய்கிறவர்களில் வயதானவர்கள் நிறையப் பேர். மூட்டுவாதம் வந்த கைக்கு அந்த வலி பொறுக்க முடியாதது.

மேசைக் கருவி வந்து நிற்பது இந்த இடைவெளியில்தான். மேசையில் முடுக்கிவிட்டால் ஒரு கை கூட்டை வைக்கும், மறு கை நெம்பை இழுக்கும். கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் தானியங்கி பிரைமிங் கருவி இந்த வகையில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பது. லீ, ஃபார்ஸ்டர் போன்றவையும் செய்கின்றன. ஐந்நூறு டாலருக்கு மேல் விலையுள்ள ‘பிரைமல் ரைட்ஸ்’ கருவியைத் தொலைதூரத் துல்லியப் போட்டிகளில் சுடுகிறவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

மேசைக் கருவியின் பெரிய நன்மை வேகம் என்றுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. வேகம் உண்மைதான், ஆனால் அதற்காக வாங்கினால் ஏமாற்றமே. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டாவைத் தரும் புரோகிரசிவ் பிரஸ் அதைவிட வேகமானது. மேசைக் கருவியின் மெய்யான நன்மை, ஒரு வேலையைத் தனியாகப் பிரித்துவைப்பது. மருந்து அளப்பதோ குண்டு பதிப்பதோ குறுக்கே வராமல் கண்ணும் கையும் ஒரே ஒரு கேள்வியில் நிற்கின்றன: இந்தப் பிரைமர் எப்படி உள்ளே போனது?

அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் கருவியின் தகுதி இருக்கிறது. பலமுறை சுட்ட கூட்டில், அதுவும் அழுத்தம் மிகுந்த தோட்டாவாக இருந்தால், பிரைமர் குழி மெல்ல விரிந்துகொண்டே போகும். ஒரு நாள் பிரைமர் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கி உள்ளே போகும். அந்தக் கூட்டை அப்போதே எறிய வேண்டும். இல்லையென்றால் சுடும்போது பிரைமரைச் சுற்றி வாயு பின்னோக்கிக் கசியும், பிரைமரே கழன்று துப்பாக்கிக்குள் விழுந்தாலும் விழும். இதைக் கைக்கருவி உடனே சொல்லிவிடும். புரோகிரசிவ் பிரஸ்ஸில் மற்ற நிலையங்களின் சத்தத்திலும் எதிர்ப்பிலும் இது கரைந்துபோகும். நல்ல மேசைக் கருவி சொல்லும். நெம்பு அளவுக்கு மீறி நீண்ட மேசைக் கருவி சொல்லாது. என் கணிப்பில் ஒரு மேசைக் கருவியை வாங்குமுன் சோதிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்: பழுதான தளர்ந்த கூடு ஒன்றையும் புதுக் கூடு ஒன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் கையில் தெரிகிறதா?

எதிர்ப்பக்கமும் உண்டு. ராணுவத்துக்காகச் செய்த கூடுகளில் பிரைமர் கழன்றுவிடாதபடி குழியின் விளிம்பை நசுக்கி மடக்கியிருப்பார்கள். அந்த மடிப்பை அகற்றாமல் புதுப் பிரைமரைத் தள்ளினால் அது விளிம்பில் சாய்ந்து மாட்டிக்கொள்ளும். கட்டைவிரல் அங்கேயே நின்றுவிடும். நீண்ட நெம்போ அதையும் உள்ளே திணித்துவிடும். கிண்ணம் நசுங்கும், கலவை ஒரு பக்கமாகப் பிதுங்கும். வெடிக்கவும் கூடும். நெம்பின் வலிமையைக் கருவியின் பெருமையாக விளம்பரம் செய்வதை நான் ஏற்க மறுப்பதற்கு இதுவே காரணம். மடிப்பை முன்கூட்டியே வெட்டி எடுக்கவோ அழுத்தி விரிக்கவோ தனிக் கருவிகள் இருக்கின்றன. வழக்கமில்லாத தடை தெரிந்தால் கையை நிறுத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அடுத்தது, விலை உயர்ந்த கருவிகள் வாக்களிக்கும் சீரான ஆழம். நெம்பு ஒரே இடத்தில் முட்டி நிற்கும்படி திருகை அமைத்தால் எல்லாப் பிரைமரும் ஒரே ஆழத்தில் பதியும் என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பதிக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கூட்டின் விளிம்பை ஷெல் ஹோல்டர் என்ற பிடிப்பான் பிடித்திருக்கிறது. பிரைமரைக் கீழிருந்து தள்ளும்போது கூடு சற்றே மேலெழும்பி, விளிம்பின் மேல்பக்கம் பிடிப்பானின் உதட்டில் முட்டி நிற்கும். ஆழம் அங்கிருந்துதான் அளக்கப்படுகிறது. விளிம்பின் தடிமன் கூட்டுக்குக் கூடு அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு மாறினால் ஆழமும் அதே அளவு மாறும். கருவி சீராகத்தான் இயங்குகிறது. கூடு சீராக இல்லை.

ஆழம் சரியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் வேலை முடிவதில்லை. குழியின் ஆழமும் கூட்டுக்குக் கூடு மாறும். ஆழமான குழியில், அடிப்பரப்புக்குக் கீழே அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கில் நிற்கும் பிரைமரின் கால்கள் அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். ஆழம் குறைந்த குழியில் அதே நான்கு பங்கில் நிற்கும் பிரைமரின் கலவை ஏற்கெனவே நன்றாக அழுத்தப்பட்டிருக்கும். வெளியிலிருந்து அளந்தால் இரண்டும் ஒன்றே, உள்ளே இரண்டும் வேறு. கலவை பட்டடையின் மேல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதுதான் அது ஒரே மாதிரி தீப்பிடிக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. குழிகளை ஒரே ஆழத்துக்குச் செதுக்கும் சிறு வெட்டுக்கருவியையும் ஒரே தொகுதியில் வந்த கூடுகளையும் பயன்படுத்துகிறவருக்கு மட்டுமே ஐந்நூறு டாலர் கருவியின் துல்லியம் முழுதாகப் பயன்படும். பல கைகள் மாறி வந்த கலப்படக் கூடுகளில் அந்தத் துல்லியம் எங்கோ போய்விடுகிறது. அங்கே அறுபது டாலர் கைக்கருவியில் பழகிய விரல், கால்கள் அடியைத் தொட்ட கணத்தை உணர்ந்து நிறுத்துவதால், நிலையான திருகைவிடச் சரியாகவே செய்யும். விலை ஏறும்போது கருவியின் மேல் நம்பிக்கை ஏறுவது இயல்பு. இந்த விஷயத்தில் அந்த நம்பிக்கையைக் கூட்டின் மேல் வைப்பதே நல்லது.

பிரைமர்களைக் கருவிக்கு ஊட்டும் முறையைப் பற்றி இன்னும் கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து பிரைமர்கள் நூறு கொண்ட தட்டுகளில், ஒன்றை ஒன்று தொடாத தனித்தனிக் குழிகளில் வருகின்றன. அப்படிப் பிரித்துவைப்பதற்குக் காரணம் உண்டு: ஒன்று வெடித்தால் அதைத் தொட்டுக்கொண்டிருப்பதும் வெடிக்கக்கூடும். ஆனால் பல மேசைக் கருவிகளில் நூறு பிரைமரை ஒரு குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். தொழிற்சாலை கவனமாகப் பிரித்ததை நாம் மேசையில் ஒன்றுசேர்க்கிறோம். கீழே பதிக்கும் இடத்தில் ஒன்று வெடித்து, அந்த நெருப்பு குழாய்க்குள் ஏறினால், நூறும் ஒரே நொடியில் வெடிக்கலாம். அதனால்தான் நல்ல கருவிகளில் குழாயைச் சுற்றித் தடித்த உருக்கு உறை இருக்கிறது. அந்த உறை முகத்தைக் காக்கும். சங்கிலி வெடிப்பைத் தடுக்காது. வேகத்துக்காகக் குழாய் வைத்த கருவியை வாங்குகிறவர் இந்தப் பேரத்தைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

குழாய்க்குப் பதில் தட்டு வைத்த கருவிகளிலும் இந்த ஆபத்து உண்டு. லீ நிறுவனம் தன் பழைய தட்டுக் கருவிகளில் குறிப்பிட்ட சில தயாரிப்புப் பிரைமர்களைத்தான் பயன்படுத்த வேண்டும், ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர்களைப் போடக் கூடாது என்று நீண்டகாலம் எச்சரித்துவந்தது. ஃபெடரல் பிரைமர்கள் மற்றவற்றைவிட எளிதில் தீப்பிடிப்பவை என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்தது. அவற்றின் பெட்டியே மற்றவற்றைவிடப் பெரியதாக, இடைவெளி விட்டு அடுக்கியதாக இருக்கும். ஆகவே கருவியைத் தேர்வது தனியாக நடக்கும் காரியம் அல்ல. எந்தப் பிரைமர் கிடைக்கும் என்பதோடு அது சேர்ந்தே வருகிறது. 2020க்குப் பிறகு அமெரிக்காவில் பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது பலரும் கிடைத்ததை வாங்கினார்கள், விலையும் பல மடங்கு ஏறியது. அப்படிப்பட்ட காலத்தில், கிடைக்கும் பிரைமர் உங்கள் கருவிக்கு ஆகாதது என்றால் அதை அந்தக் கருவியில் போடாமல் இருக்கும் உறுதி வேண்டும். தட்டுக்கும் பதிக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு கதவு அடைத்து, பதியும் ஒரு பிரைமரை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் கருவிகளை நான் குழாய் வைத்தவற்றைவிட மேலாகக் கருதுகிறேன். கொஞ்சம் மெதுவாகப் போகும், போகட்டும்.

பிடிப்பானைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம்: பொதுவான பிடிப்பான்களை ஏற்கும் கருவியா, தனக்கென்று தனிப் பிடிப்பான் கேட்கும் கருவியா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஃபார்ஸ்டர் கருவியில் விளிம்புக்கேற்பத் தாடையைச் சரிசெய்துகொள்ளலாம், தனிப் பிடிப்பானே வேண்டாம். பலவகைத் தோட்டா சுடுகிறவருக்கு அது செலவு மிச்சம்.

வாங்கியபின் முதல் நாள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. திருகை அமைத்துவிட்டு ஐந்தாறு கூடுகளில் மட்டும் பதித்து, ஆழ அளவுகோலின் முனையால் ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். அளவுகோல் இல்லாவிட்டால் கூட்டைத் தட்டையான கண்ணாடியின் மேல் நிறுத்துங்கள், ஆடினால் பிரைமர் துருத்துகிறது. துருத்தும் ஒன்றை, கூட்டில் மருந்து இல்லாதபோது மட்டுமே, மெதுவாக மறுபடி அழுத்தலாம். மருந்தும் குண்டும் ஏறிய முழுத் தோட்டாவின் பிரைமரை எந்தக் காரணத்துக்காகவும் கருவியில் வைத்து அழுத்தக் கூடாது. அதைப் பிரித்தெடுப்பதுதான் வழி. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் நெம்பைத் தொட வேண்டாம். எண்ணெய் பட்ட விரலால் பிரைமரைத் தொட வேண்டாம், எண்ணெய் கலவையைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் மிஞ்சிய பிரைமர்களைக் குழாயிலோ தட்டிலோ விட்டுவைக்காமல், வந்த பெட்டிக்கே திருப்பிப் போட்டு, கையை நன்றாகக் கழுவிவிட்டு எழுந்திருங்கள். அந்தக் கலவையில் ஈயம் இருக்கிறது, வீட்டில் குழந்தைகளும் இருப்பார்கள்.